செவலையும் நானூறு சிசி வண்டியும்

மாசி மாசம் ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம், கருகிப்போன தண்ணி மோட்டார் ஒண்ண வண்டிக்குப் பின்னால வச்சுக் கட்டிக்கிட்டு சேர்மக்கனி ஏழுபனைவிளைக்குள்ள வந்து வீட்டு முன்னால நிறுத்தினப்ப, செம்மணல் தேரிக்காட்டுல இருந்து அவ பின்னாலயே வந்த ஒரு மணல்மேடும் சரியா பத்தடி தள்ளி நின்னு, புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டு உக்காந்துச்சு.

ரொம்பப் பெரிய மேடெல்லாம் இல்ல. ஒரு ஓட்டு வீட்டு உயரம், ரெண்டு லாரி நீளம், வெயில்ல காஞ்ச மிளகா வத்தல் நிறம். வர்ற வழியில அதுக்கு அடியில மாட்டின கோழி ரெண்டும் அந்தப் பக்கமா வெளிய வந்து, றெக்கைய உதறிக்கிட்டு, விட்ட எடத்துல இருந்து கொத்த ஆரம்பிச்சுதுக. முத்தத்துல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்த வடிவு, அதாவது சேர்மக்கனியோட அண்ணன் பொண்டாட்டி, தலைய நிமுத்தி மேட்டப் பாத்தா, வண்டியப் பாத்தா, அப்புறம் நாத்தனாரப் பாத்தா.

"ஏட்டி கனி, உதறுகல்லுல உதறாமலா வந்த?"

"அவசரம் மைனி. வாழை வாடுது வாடுதுன்னு தோட்டத்து அண்ணாச்சி கத்துன கத்துல மறந்துட்டேன்."

"நல்லா மறந்த போ. இப்பம் ஆளத் தேடி வீட்டுக்கே வந்திருக்கு."

ஏழுபனைவிளைக்கும் தேரிக்கும் நடுவுல, இடுப்பு உயரத்துல ஒரு கல்லு நிக்கும். தேரிக்குள்ள போயிட்டு வர்ற யாரா இருந்தாலும் அந்தக் கல்லுகிட்ட நின்னு, சேலையோ சட்டையோ வேட்டியோ நல்லா உதறி, செருப்பக் கழட்டிக் கல்லுல ரெண்டு தட்டு தட்டி, ஒட்டின மண்ண அங்கனயே விட்டுட்டுத்தான் ஊருக்குள்ள வரணும். தேரி மண்ணு ராத்திரி ஒரு எடத்துல படுத்து காலைல இன்னொரு எடத்துல எந்திரிக்கிற மண்ணு, அதுல ஒரு பிடிய நீ கொண்டுபோனா மிச்சம் உன்னத் தேடும்னு அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அதனால சேர்மக்கனி உதறாம வந்தான்னு கேட்டதும் யாரும் வாயப் பொளக்கல. ஆடிக் காத்துல வருசா வருசம் வீட்டுக்குள்ள வந்து சோத்துலயும் பாயிலயும் விழுற அதே மண்ணுதான, இந்தத் தடவ மாசியிலயே மொத்தமா வந்திருக்கு, அவ்வளவுதானன்னு டீக்கடையில சொன்னாங்க. சொல்லிட்டு ரெண்டாவது டீ சொன்னாங்க.

சேர்மக்கனிக்குத் தொழிலு மோட்டாருக்கு காயில் கட்டுறது. தேரிக்குள்ள இருக்கிற முருங்கைத் தோட்டம், வாழைத் தோட்டத்துல எல்லாம் மோட்டாரு புகைஞ்சா அவளுக்குத்தான் போனு வரும். பைக்குல போனா பாதி வழியில சக்கரம் மண்ணுக்குள்ள புதைஞ்சிரும்னுதான், இழுத்து மூடின ஏதோ கடக்கரை ஓட்டல்ல இருந்து இந்த நாலு சக்கர வண்டிய பழசா வாங்கினா. நூத்திப்பத்து சிசி, முழுசா அமுக்கினாலும் முப்பத்தஞ்சுதான். கியரு கிடையாது, கிளட்ச்சு கிடையாது, கட்டவிரலால அமுக்கினா போகும், விட்டா நிக்கும். வாங்கினது வேலைக்குத்தான். ஆனா டயருக்குக் காத்தக் கம்மி பண்ணி, ஃபுட்ரெஸ்ட்டுல எந்திரிச்சு நின்னு, மணல்ல முத வளைவு திரும்பினப்ப வயித்துக்குள்ள ஒண்ணு ஜிவ்வுன்னு ஏறுச்சு பாருங்க, அன்னைக்கே அது வேலைக்கு வாங்கின வண்டிங்கிறது பொய்யாப் போச்சு.

மறுநாள் அவ மேட்டத் திரும்ப தேரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, துணிய உதறி, செருப்பத் தட்டி, சீட்டைக் கழட்டி, ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச வெளிய எடுத்து ஒரு துகளு இல்லாம அலசி, "எல்லாத்தையும் குடுத்தாச்சு, இருந்துக்கோ"ன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்தா. மேடும் திரும்பி வந்துச்சு. பத்தடி தள்ளி. வண்டி இருபதுல போனா அதும் இருபது, முப்பத்தஞ்சுல போனா அதும் முப்பத்தஞ்சு, நின்னா புஸ்ஸு.

முதல்ல கோவப்பட்டது மினி பஸ்ஸு டிரைவர் கோயில்ராசுதான். மேடு பாதி ரோட்டுல உக்காந்திருக்கு. ஆரன அடி அடின்னு அடிச்சாரு. அது ஆரனுக்கு எந்திரிக்கிற மேடு இல்ல.

"ஏ கனி, உன் மேட்ட எடுட்டி! எனக்கு ரெண்டு மணி டிரிப்பு!"

"மோட்டாரப் பிரிச்சுப் போட்டிருக்கேன் அண்ணே, கையெல்லாம் வார்னிஷு, அஞ்சு நிமிசம்!"

"அஞ்சு நிமிசத்துல நான் செந்தூரே போயிருவேன்!"

ஒரு வாரம் இப்படிக் கத்தினவரு, அடுத்த வாரம் அங்கயே ஒரு ஸ்டாப்பிங்கு போட்டாரு. கண்டக்டரு "மேடு, மேடு, மேடு எறங்கு"ன்னு கத்துவான். வி.ஏ.ஓ. ரெஜினா மேடம் பெரிய ரெஜிஸ்டரோட வந்து, "தேரியில இருக்கிற வரைக்கும் இது அரசாங்கப் புறம்போக்கு, இப்ப இதோட வாலு உங்க அண்ணன் பட்டாவுல கெடக்கு, தலை ரோட்டுல கெடக்கு, நான் இத எதுல எழுத?"ன்னு கேட்டாங்க. சேர்மக்கனியோட அண்ணன் லிங்கதுரை, "நீங்க எழுதி முடிக்கதுக்குள்ள அது ரேசன் கடைக்குப் போயிட்டு வந்துரும் மேடம்"னு சொன்னான். மேடம் ரெஜிஸ்டர மூடி, செருப்பக் கழட்டிட்டு மேட்டு மேலயே உக்காந்து மோரு குடிச்சிட்டுப் போனாங்க. போகும்போது சேலைய உதறிட்டுத்தான் போனாங்க, விவரமானவங்க.

அப்புறம் யாரு முதல்ல கூப்பிட்டாங்கன்னு தெரியல, செவப்பு மாட்டக் கூப்பிடுற மாதிரி ஊரே அத செவலைன்னு கூப்பிட ஆரம்பிச்சுச்சு. காலைல செவலை மேல வேர்க்கடலை காய்ஞ்சுச்சு. மத்தியானம் அதோட நெழல் பக்கத்துல குழி தோண்டி தர்பூசணி வச்சா சாயங்காலம் பல்லு கூசுற மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. மாசமா இருந்த பிள்ளைக வந்து அதுல சாஞ்சுக்கிட்டா, செவலை அதுகளோட இடுப்புக்கு ஏத்த மாதிரி குழிஞ்சு குடுத்துச்சு. கல்யாணப் பொண்ணு மாப்பிள்ள அது மேல நின்னு போட்டோ எடுத்தாங்க. ஒரு வெள்ளிக்கிழமை வடிவு மைனி அதுக்கு அடிவாரத்துல ஒரு குங்குமப் பொட்டு வச்சா, சனிக்கிழமை பாத்தா அந்தப் பொட்டு தானா நகந்து நகந்து உச்சிக்குப் போயிருந்துச்சு. ஆடி வந்தப்ப காத்து வர்ற பக்கமாப் போயி செவலை உக்காந்துக்கிடுச்சு. அந்த வருசம் ஏழுபனைவிளைக்காரங்க மொத மொறையா பல்லுல மண்ணு கடிபடாம சோறு தின்னாங்க. ருசியே மாறிப் போச்சுன்னு நாலு பேரு கொறையும் சொன்னாங்க.

இவ்வளவும் நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு, கழுகுமேடுன்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா.

கழுகுமேடுதான் அந்தத் தேரியிலயே பெரிய மேடு. பத்துப் பனைய ஒண்ணு மேல ஒண்ணா நட்டா அதோட உச்சி வரும். ஞாயித்துக்கிழமை டவுன்ல இருந்து பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் குவாடுல, அதாவது இவளோடது மாதிரியே ஆனா பெரிய நாலு சக்கர வண்டியில, பசங்க வருவாங்க, அடிவாரத்துல இருந்து ஒரே சத்தம், ஒரே ஏத்தம், மேல போயி நின்னு கையக் காட்டுவாங்க. மேல நின்னா கடலு தெரியும், போனுக்கு நாலு கோடு டவரும் கிடைக்கும்னு சொல்லுவாங்க. சேர்மக்கனியும் ஏறுவா. முக்கால் மேட்டுல ஒரு மொட்டப் பனைத்தூரு நிக்கும். அதுவரைக்கும்தான். அங்க வந்ததும் நூத்திப்பத்து கன்னுக்குட்டி மாதிரி கதறும், சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும், அப்புறம் மெல்லப் பின்னால சறுக்கும். ஏழு தடவ ஏறி ஏழு தடவ சறுக்கினா. ஒவ்வொரு தடவையும் செவலை அவளோட தூரு வரைக்கும் வந்து, அவ சறுக்கினா அதும் சறுக்கி, கீழ வந்து புஸ்ஸுன்னு உக்காரும்.

"எப்படி மூச்சு வாங்குது பாரு பாவம்"னு சேர்மக்கனி அதத் தடவிக் குடுப்பா.

எட்டாவது தடவ சறுக்கினப்ப கீழ டைட்டஸ் அண்ணாச்சி நின்னுக்கிட்டு இருந்தாரு. டவுன்ல பழைய குவாடு வாங்கி விக்கிறவரு, வாய்ல எப்பவும் ஏலக்காய். சேர்மக்கனி ஹெல்மெட்டக் கழட்டுறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாரு.

"தங்கச்சி, உன் ஓட்டுல ஒரு தப்பும் இல்ல. வெயிட்ட முன்னால போடுத, நிக்க வேண்டிய எடத்துல நிக்க. வண்டிதான் பத்தல. என்ட்ட நானூறு ஒண்ணு வந்திருக்கு. அஞ்சு கியரு, அகலமான அச்சு, பின்னால மண்ணத் துழாவித் தள்ளுத துடுப்பு டயரு. அந்தத் தூர நீ பாக்கவே மாட்ட, தாண்டிப் போயிருப்ப. இதக் குடுத்திட்டு அத எடுத்துக்கோ. வர்ற ஞாயித்துக்கெழம கொண்டாந்து தாரேன், ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு."

அன்னைக்கு இருந்து சேர்மக்கனிக்குச் சாப்பாடு எறங்கல. காயில் சுத்தும்போது எத்தனை சுத்துன்னு மறந்து மறந்து முதல்ல இருந்து சுத்தினா. போன்ல நானூறு ஓடுற வீடியோவப் பாத்தா, திரும்பப் பாத்தா, சத்தத்த மட்டும் காதுல வச்சுக் கேட்டா. வேணும்னு இருந்துச்சு, அப்படி வேணும்னு இருந்துச்சு. ஆனா சன்னலுக்கு வெளிய பாத்தா செவலை, அது மேல யாரு வீட்டுக் கடலையோ.

நானூறு தொண்ணூறுல போகும். செவலை முப்பத்தஞ்சுல வரும்.

வீட்டுல பேச்சே இதுதான்.

"வாங்குத வயசுல வாங்காம எப்ப வாங்குவா?"ன்னு அண்ணன்.

"நீங்க சும்மா கெடங்க. அது அவ பின்னால ஓடி ஓடி, வழியெல்லாம் கொட்டிக் கொட்டி, கடைசில ஒரு சொளவு மண்ணா வந்து நிக்கும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"ன்னு மைனி.

"அவ பின்னால ஓடலன்னா, அது பழைய வண்டி பின்னாலயே டவுனுக்குப் போயிரும். டைட்டஸு கடை முன்னால உக்காந்துக்கிடும்."

"போவுமா? போயிருமா? எட்டி கனி, என் மிளகா வத்தல் இன்னும் ரெண்டு நாள் காயணும்!"

சேர்மக்கனி தட்டுல கோலம் போட்டுக்கிட்டே, "எனக்கு அந்தத் தூருக்கு மேல என்ன இருக்குன்னு பாக்கணும் மைனி, அவ்வளவுதான்"னு சொன்னா. சொல்லும்போது கண்ணு நெறைஞ்சிருச்சு. "இதையும் விட முடியல, அதையும் விட முடியல."

டீக்கடையில ரெண்டு கட்சி ஆகிப்போச்சு. ஏறினா ஊருக்குப் பெருமைன்னு ஒரு பெஞ்சு, மேடு போனா ஊருக்கு நட்டம்னு ஒரு பெஞ்சு. ரெண்டு பெஞ்சுக்கும் நடுவுல நின்னு கோயில்ராசு அண்ணன்தான் சொன்னாரு: "நம்ம எதுக்கு அடிச்சுக்கிடணும்? செவலையவே கேப்போம். பள்ளிக்கூட மைதானத்துல ரெண்டு வண்டியையும் ஸ்டார்ட் பண்ணுவோம். பழசு கிழக்க போட்டும், புதுசு மேக்க போட்டும். அது எது பின்னால போவுதுன்னு பாப்போம்." ஒரு மாட்ட ரெண்டு பேரு சொந்தம் கொண்டாடினா நடுவுல அவுத்து விட்டுப் பாக்குறது அங்க எப்பவும் உள்ள வழக்கம்தான். ரெண்டு பெஞ்சும் சரின்னு சொல்லிருச்சு.

ஞாயித்துக்கிழமை காலைல ஊரே மைதானத்துச் செவத்து மேல உக்காந்திருச்சு. அவிச்ச பனங்கிழங்கு கை மாறிக்கிட்டே போச்சு. டைட்டஸ் அண்ணாச்சி மினி லாரியில இருந்து நானூற எறக்கினாரு. வெள்ளையும் நீலமும், குந்தி இருக்கிற தவளை மாதிரி முன்னால தாழ்ந்து பின்னால தூக்கி, நாலு சக்கரமும் நாலு பக்கம் பாயப் பாத்துக்கிட்டு. ஸ்டார்ட் பண்ணினாரு. அந்தச் சத்தம் சேர்மக்கனியோட நெஞ்செலும்புல வந்து உக்காந்துச்சு. பாக்க வந்த காக்காவெல்லாம் பறந்துச்சு.

கிழக்க போற பழைய வண்டிய ஓட்ட ஒரு ஆளு வேணுமே. வேற யாருக்கும் தைரியம் இல்ல, செவலை மனசு சங்கடப்படும்னு. கடைசில மைனிதான் சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு வந்தா.

"மைனி, நீங்க சைக்கிள்கூட ஓட்டினதில்லயே!"

"கட்டவிரலால அமுக்கணும், அவ்வளவுதான? கிரைண்டரு சுவிச்சு போடுதவளுக்கு இது ஒரு வேலையா? நீ உன் சோலியப் பாரு."

செவலை நடுவுல உக்காந்திருந்துச்சு, உச்சியில குங்குமப் பொட்டோட. சேர்மக்கனி அதுகிட்டப் போயி உள்ளங்கைய வச்சா. காலை மண்ணு சில்லுன்னு இருந்துச்சு. "உனக்கு எது பிரியமோ அதச் செய்"னு மட்டும் சொன்னா.

கோயில்ராசு அண்ணன் பஸ்ஸு ஆரன அடிச்சாரு. மைனி கிழக்க கெளம்பினா, "ஆத்தீ"ன்னு ஒரு அலறலோட. சேர்மக்கனி கிளட்ச்ச விட்டா, நானூறு அவளத் தூக்கி எறியப் பாத்துச்சு, பிடிச்சுக்கிட்டா, மேக்கால கேட்டு வழியா வெளிய பாஞ்சு, தேரி ரோட்டுல ரெண்டாவது கியரு, மூணாவது கியரு, காத்து சட்டைக்குள்ள பூந்து முதுகு பந்தா உப்பிருச்சு. அவ திரும்பிப் பாத்தா.

செவலை நகரல. நடு மைதானத்துல அப்படியே உக்காந்திருந்துச்சு. கிழக்கயும் போகல, மேக்கயும் வரல.

சரி, போ, ரெண்டு பேரும் வேண்டாம்னு முடிவு பண்ணிருச்சு, அதுக்கும் ரோசம் இருக்கும்லன்னு சேர்மக்கனி நெனச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டு நாலாவது கியரப் போட்டா. உதறுகல்லு ஒரு கோடாத் தாண்டிப் போச்சு. அம்பது, அறுபது, எழுபது. கண்ணுல தண்ணி காத்துக்கு வந்துச்சா அழுகைக்கு வந்துச்சான்னு அவளுக்கே தெரியல.

அப்பதான் வலது பக்கம் ஒரு நெழலு விழுந்துச்சு.

முதல்ல பொட்டு தெரிஞ்சுச்சு. அப்புறம் உச்சி. அப்புறம் முழு மேடும், ஒரு மணி மண்ணு செதறாம, ஒரு கடலை கீழ விழாம, எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கிட்டு அவ பக்கத்துல வந்துச்சு, ஒரு நிமிசம் அவ கூடவே சரிசமமா ஓடுச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்லாத மாதிரி அவளத் தாண்டிப் போச்சு.

செவத்து மேல இருந்த மொத்த ஊரும் எந்திரிச்சு நின்னுச்சு. "எலே! விட்டுக்குடுத்துட்டு ஓடுதுல!"ன்னு கோயில்ராசு அண்ணன் பஸ்ஸு மேல ஏறிக் கத்தினாரு. சின்னப் பிள்ளைக்கு முதல்ல ஓட எடம் விட்டுட்டு அப்புறம் தான் ஓடுவாங்கல்ல, அந்த மாதிரி.

சேர்மக்கனிக்கு அந்த வேகத்துலயே எல்லாம் வெளங்குச்சு. பத்தடி, எப்பவும் சரியா பத்தடி. இருபதுல போனா இருபது. அது முடியாம பின்னால வந்ததில்ல, பொறுத்துக்கிட்டுப் பின்னால வந்திருக்கு. வண்டி நிக்கும்போதெல்லாம் விட்ட அந்தப் புஸ்ஸு மூச்சு வாங்குனது இல்ல. சலிப்பு! இத்தன நாளும் மூச்சு வாங்குதேன்னு அவ அதப் பாத்துப் பாவப்பட்டா, அது அவளுக்காக ஊரூரா நொண்டி அடிச்சிருக்கு.

"எட்டி கள்ளி!"ன்னு கத்தினா. சிரிப்பு தாங்கல. அஞ்சாவது கியரு.

கழுகுமேட்டு அடிவாரத்துல செவலை வேகத்தக் கொறைக்கவே இல்ல, ஒரு அல இன்னொரு அல மேல ஏறுற மாதிரி ஏறுச்சு. அது போன தடத்துலயே சேர்மக்கனி போனா, ரெண்டாவதுக்கு எறக்கி, எந்திரிச்சு நின்னு, நெஞ்ச ஹேண்டில்பார் மேல சாச்சு, துடுப்பு டயரு பின்னால செவப்பா மழை மாதிரி மண்ண வாரி எறிய, மொட்டப் பனைத்தூரு வந்துச்சு, கிட்ட வந்துச்சு, எட்டு தடவ அவளக் கீழ அனுப்பின அந்தத் தூரு இடது பக்கமாப் பின்னால போச்சு. அதுக்கு மேல அவளுக்குத் தெரியாத மண்ணு. அப்புறம் வானம்.

உச்சி.

கடலு இருந்துச்சு. சொன்ன மாதிரியே. செவப்பு மண்ணு முடிஞ்சு பச்சப் பனை, பச்ச முடிஞ்சு நீலம். செவலை ஏற்கனவே வந்து உக்காந்திருந்துச்சு, சரியா பத்தடி முன்னால. சேர்மக்கனி எஞ்சின அணைச்சா. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் கடலப் பாத்தாங்க. இந்தத் தடவ அது புஸ்ஸுன்னு விடல.

கீழ, தீப்பெட்டி அளவுல மைதானம். அதுக்குள்ள ஒரு எறும்பு வட்டம் வட்டமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. மைனிதான். பின்னால ஒரு பிடி மண்ணுகூட வரல, அத அவ கவனிச்ச மாதிரியும் தெரியல, சேலைத் தலைப்பு பறக்கச் சுத்திக்கிட்டே இருந்தா. நிப்பாட்டச் சொல்லிக்கிட்டு அண்ணன் பின்னாலயே ஓடுறதும் தெரிஞ்சுச்சு.

போனு அடிச்சுச்சு. நாலு கோடு டவரு.

"தங்கச்சி, டைட்டஸு பேசுதேன். பாத்தோம், பாத்தோம், ஊரே பாத்துச்சு! என்ன, எடுத்துக்கிடுதியா?"

"எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஆனா பழசத் தர முடியாது. மைனி எறங்க மாட்டாவ போலுக்கு."

"அது தெரியுது, இங்கன உங்க அண்ணனுக்கும் அவங்களுக்கும் பஞ்சாயத்து ஓடுது. பழசுக்கு உண்டான காச உங்க மைனியே தந்துருதாவளாம், முருங்கைக்கா ஏத்த ஆச்சாம். அது கெடக்கட்டும். நானூறு எப்படி? பவரு போதும்ல?"

சேர்மக்கனி நிமிந்து பாத்தா. செவலை மெல்ல எந்திரிச்சு, உச்சிப் பொட்ட ஒரு சிலுப்பு சிலுப்பிட்டு, கடலப் பாத்து அந்தப் பக்கச் சரிவுல எறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. காத்திருக்கல. பாதிச் சரிவு தாண்டிருச்சு.

"கொஞ்சம் கம்மிதான் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு, போன பாக்கெட்டுல போட்டு, கிளட்ச்சப் பிடிச்சா.